ரெண்டாவது படம் எங்கே?

'படத்துல ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ.'

கொரோனாக் காலத்தில் எங்கள் சேரிகளுக்கு ஆம்புலன்ஸைவிட வேகமாக வந்து சேர்ந்தது இந்த வாக்கியம்தான். 'ஏனுங்க, வாங்க, சாப்பிடுங்க' என்று மரியாதைக்குப் பேர்போன கொங்குத் தமிழில் 'போங்க' என்று வரவேண்டிய இடத்தில் 'போ' என்று விழுந்தது. அந்த 'ங்க' எங்கே போச்சு என்று நான் கேட்கப் போவதில்லை. சேரிமுனை வந்ததும் உதிர்ந்துவிடுகிற எழுத்து அது. எனக்குக் கேள்வி முதல் பாதியில்தான். 'படத்துல ஒண்ணுமில்ல' என்பது மருத்துவமா, தீர்ப்பா?

வைரஸ் நிமோனியா நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்பது இன்றைக்கு ரகசியமல்ல. காற்று நிறைந்த நுரையீரல் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். காற்றறைகளில் அழற்சியும் நீரும் சேரச்சேர அந்தக் கறுப்பின்மேல் வெள்ளைப்புகை படரும். கொரோனாவில் அது பெரும்பாலும் இரண்டு பக்கமும், கீழ்ப்பகுதியிலும் ஓரங்களிலும் திட்டுத்திட்டாக வரும். ஆனால் முதல் நாளே வந்துவிடாது. 2020இல் ஹாங்காங்கில் 64 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்தார்கள். முதல் படத்தில் கோளாறு தெரிந்தது 69 சதவீதம் பேருக்குத்தான். நிழல் உச்சத்துக்குப் போனது, அறிகுறி தொடங்கிப் 10 முதல் 12 நாட்களில்.

அதாவது 10 பேரில் 3 பேருக்கு முதல் படம் சுத்தமாக இருக்கும். படம் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு உள்ளதைச் சொல்கிறது. மூன்றாம் நாள் படத்தை வைத்துக்கொண்டு பத்தாம் நாளுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்தான் பொய் சொல்கிறார்.

எக்ஸ்ரேயின் பலமே ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. இத்தாலியின் பிரெஷ்யா நகரத்து மருத்துவர்கள் 2020இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நுரையீரலையும் மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்தால் மொத்தம் 6 பகுதி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 18. இந்தப் பரீட்சையில் மார்க் ஏறினால் ஆபத்து. முந்தாநாள் 4, இன்றைக்கு 9 என்றால் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பெரிய மெஷின் வேண்டாம். சக்கரம் வைத்த எக்ஸ்ரே வண்டியைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வரலாம். வேண்டியது ரெண்டாவது படம். தேதி போட்ட ரெண்டாவது படம்.

அந்த ரெண்டாவது படம் யாருக்குக் கிடைத்தது? இங்கேதான் சாதி வருகிறது.

2021 மே கடைசி வாரம். தினசரித் தொற்றில் கோவை சென்னையை முந்தியது. மே 30 அன்று முதலமைச்சர் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளேயே போனார். அதே மாதம் இருகூரில் ஒரு ஆதீனம் 'கொரோனா தேவி'க்குச் சிலை வைத்தது. பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிய ஊருக்கு இது புதுசில்லை. தேவிக்கு 48 நாள் யாகம். மூச்சு வாங்குகிறவனுக்கு ஏழாம் நாள் இன்னொரு படம் எடுக்க மட்டும் நாள் இல்லை.

காசு உள்ளவர்கள் சி.டி. ஸ்கேன் சென்டர் வாசலில் கார்களில் நின்றார்கள். 25க்கு எத்தனை என்று ஸ்கோரைப் பேசிக்கொண்டார்கள். லேசான நோய்க்கெல்லாம் சி.டி. எடுக்காதீர்கள், சந்தேகம் இருந்தால் முதலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள் என்று டெல்லி எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா மே 3 அன்றே சொன்னார். ஒரு சி.டி. என்பது 300, 400 எக்ஸ்ரேவுக்குச் சமம் என்றும் சொன்னார். அந்தக் கணக்குப் பழசு, இன்றைய மெஷினில் கதிர்வீச்சு அவ்வளவு இல்லை என்று கதிரியல் மருத்துவர் சங்கம் மறுத்தது. அந்தச் சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும். நமக்குத் தெரிவது இதுதான்: ஒரு பக்கம் தேவையில்லாமலே மூன்று தடவை படம். இன்னொரு பக்கம் ஒரே படம், அதுவும் 'ஒண்ணுமில்ல'. ரெட்டை டம்ளர் டீக்கடையோடு ஒழிந்துபோகவில்லை தோழர்களே, ஸ்கேன் சென்டர் வரைக்கும் வந்திருக்கிறது.

'திரும்ப வரச்சொன்னோம், அவங்கதான் வரல' என்பார்கள். எதில் வருவது? மே 10 முதல் பஸ் இல்லை. ஊரடங்கிலும் குப்பை அள்ளப்போன அருந்ததியப் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஒப்பந்தக்காரர் இ.எஸ்.ஐ. பணத்தை ஒழுங்காகக் கட்டுவதில்லை என்பது தூய்மைப் பணியாளர் சங்கங்களின் பழைய புகார். 'முன்களப் பணியாளர்' என்று மாலை போட்டார்கள். மாலை விழுந்த கழுத்துக்குக் கீழேதானே நெஞ்சு இருக்கிறது? அதைப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொன்று, எங்கள் நுரையீரல் புதுசு இல்லை. காசநோய் வந்து ஆறிய தழும்பு மேல்பகுதியில் இருக்கும். கல்லுடைத்தவர் நெஞ்சில் சிலிக்கா தூசியின் புள்ளிகள் இருக்கும். சுமங்கலித் திட்டம் என்று பேர் வைத்துப் பஞ்சாலை விடுதிகளில் அடைத்த பெண்பிள்ளைகள் இழுத்த பஞ்சுத்தூசி இருக்கிறதே, அது மூச்சைச் சுருக்கும். ஆனால் அதற்கென்று தனி அடையாளம் எக்ஸ்ரேயில் விழாது. பழைய படம் கையில் இல்லாதபோது பழைய தழும்பைப் புதுநோய் என்பார்கள், புதுநோயைப் பழைய தழும்பு என்பார்கள். ரெண்டிலும் தண்டனை எங்களுக்குத்தான்.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் போதாதா என்று கேட்பீர்கள். 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது, வெள்ளையரைவிடக் கறுப்பர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. வெயிலில் கறுத்த எங்கள் விரல்களைப் பற்றி நம்மூரில் இந்தக் கேள்வியைக் கேட்டது யார்?

இப்போது படத்தைக் கம்ப்யூட்டரே படித்துவிடும் என்கிறார்கள். மருத்துவர் இல்லாத ஊருக்கு நல்லதுதான், நான் எதிரியில்லை. ஆனால் 2021இல் அமெரிக்க நெஞ்சுப் படங்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. நோய் இருந்தும் 'நோயில்லை' என்று அந்த எந்திரங்கள் அதிகமாகத் தள்ளிவிட்டது யாரை? கறுப்பரை, பெண்களை, ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸில் இருப்பவர்களை. எந்திரத்துக்கு யாரும் வெறுப்பைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதர்கள் எழுதிவைத்த பதிவுகளைத் தின்று வளர்ந்தது அது. 'படத்துல ஒண்ணுமில்ல' என்பதை இனி ஆங்கிலத்தில் எந்திரம் சொல்லப்போகிறது. அதனிடம் எதிர்த்துப் பேசவும் முடியாது.

படம் வெறும் வைத்தியமல்ல, ஆவணம். நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன், காகிதத்தின் அதிகாரம் தெரியும். கொரோனாச் சாவுக்கு நிவாரணம் கொடுத்தே தீரவேண்டும் என்று 2021 ஜூன் 30 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. 50,000 ரூபாய் என்று முடிவானது. கிருமிப் பரிசோதனையிலோ, ஆஸ்பத்திரியில் மருத்துவர் கணிப்பிலோ கொரோனா என்று உறுதியாகியிருக்க வேண்டும். பரிசோதனை 'நெகட்டிவ்', ஆனால் ரெண்டு நுரையீரலும் வெள்ளை என்றால் சாட்சி அந்தப் படம்தான். 'ஒண்ணுமில்ல' என்று அனுப்பப்பட்டு வீட்டுத் திண்ணையில் செத்தவனுக்கு எந்தப் படம் சாட்சி? ரெண்டாவது படம் எடுக்காதபோது உயிர் போனது, அந்தச் சாவும் கணக்கில் ஏறாமல் போனது.

'கிருமிக்குச் சாதி உண்டா, ஊரே மூச்சுத்திணறும்போது சாதி பேசுகிறாயே' என்று முற்போக்கு நண்பர்கள் கோபிப்பார்கள். கிருமிக்குச் சாதி இல்லை நண்பர்களே. வரிசைக்கு உண்டு. லீவுக்கு உண்டு. திரும்பி வா என்று பொறுமையாகச் சொல்கிற நாக்குக்கு உண்டு.

அதனால் நாம் கேட்கவேண்டியவை இவை. மூச்சுத்திணறலோடு வருகிற யாரையும் ஒற்றைப் படத்தை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்பக்கூடாது. அனுப்பினால் எந்த நாள் திரும்பி வரவேண்டும் என்று தமிழில் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த நாளுக்குக் கூலியோடு லீவு வேண்டும். காசநோயைத் தேட அரசு நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை ஓட்டுகிறது. ஆகவே சேரிக்கு மெஷின் வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது. தூசியிலும் மலத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு வருஷம் ஒரு படமும் மூச்சு அளவுப் பரிசோதனையும் வேண்டும். படம் நோயாளி கையில் இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி அலமாரியில் அல்ல.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ரேஷன் கார்டு வைக்கிற அதே டிரங்குப் பெட்டியில் அம்மாவின் நெஞ்சுப் படத்தையும் வையுங்கள். உறைமேல் தேதி எழுதுங்கள். அடுத்த தொற்றுக்கு என்ன பேர் வைப்பார்களோ, அது எந்த வருஷம் வருமோ, வந்து நிற்கும்போது மேஜைமேல் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்: 'இப்பச் சொல்லுங்க, ஒண்ணுமில்லையா?'