‘பழசாகிவிட்டது’ என்பது நோயின் பெயரல்ல

வயோதிபர் ஒருவர் தலைசுற்றி விழுந்தால் வைத்தியசாலையில் முதலில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள். “வயது போய்விட்டது, கொண்டுபோய்ப் புதையுங்கள்” என்று எந்த வைத்தியரும் துண்டு எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் மேசைக்கணினி ஒன்று அடிக்கடி நின்றுபோனால் நமது பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் திருத்தக் கடைகளிலும் விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: “பழசாகிவிட்டது.”

இந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கேட்டுச் சலித்துப்போனவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். என் வீட்டுக் கணினிக்கும் நகரத்துக் கடையொன்றில் இதே தீர்ப்புக் கிடைத்தது. தாய்ப்பலகை போய்விட்டதாம், வேறு வாங்க வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தால், ரேம் என்று நாம் சொல்லும் நினைவகத் தகட்டின் பற்களில் அழுக்குப் படிந்திருந்தது. பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் இறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். அந்தக் கணினியில்தான் இந்த வரிகள் தட்டச்சாகின்றன.

வீட்டுக் கணினியோடு விடயம் முடிந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நான் வாழும் நிவித்திகலைப் பகுதியில், சப்ரகமுவவின் ஏனைய தோட்டப்புறங்களைப் போலவே, ஒரு தமிழ்ப் பாடசாலையின் கணினி அறை பூட்டப்பட்டால் அடுத்த தமிழ்ப் பாடசாலை கூப்பிடு தூரத்தில் இராது. ஹட்டன், நுவரெலியா போல நமது தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பவையல்ல. சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடப்பவை. தகவல் தொழினுட்பம் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம். கணினி நின்றுபோன அறையில் படிக்கும் பிள்ளை அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் வரைந்த விசைப்பலகையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே “பழசாகிவிட்டது” என்ற சொல் ஓர் இயந்திரத்தின் மீது மட்டும் வழங்கப்படும் தீர்ப்பன்று.

சரி, கணினி ஏன் நிற்கிறது? எப்போது நிற்கிறது என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும்.

தொடங்கிப் பதினைந்து இருபது நிமிடத்தில் அணைந்து, உடனே திரும்பப் போட்டால் அதைவிட விரைவாக அணைகிறதா? அது வெப்பம். காற்றாடியில் தூசி அடைத்திருக்கும். செயலிக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கும். எரிந்துபோகாமல் இருக்கவே செயலி தன்னை அணைத்துக்கொள்கிறது.

நீலத்திரை வந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செய்தி காட்டுகிறதா? முதலில் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட் என்ற இலவச மென்பொருளை யூ.எஸ்.பி.யில் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு தகட்டை மட்டும் பொருத்தி, இரவு முழுவதும் ஓடவிட்டால் பழுதான தகடு பெரும்பாலும் தானே காட்டிக்கொடுக்கும்.

கோப்பைத் திறக்கும்போது உறைந்து, உள்ளே ‘டிக் டிக்’ என்று ஒலி கேட்கிறதா? வன்தட்டு விடைபெறப் போகிறது. முதல் வேலை, உள்ளதைப் பிரதியெடுப்பது; மற்றதெல்லாம் பிறகு.

திகதி ஒவ்வொரு நாளும் பல ஆண்டு பின்னுக்குப் போகிறதா? தாய்ப்பலகையிலுள்ள, நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு “இன்டர்நெட் பழுது” என்று முறைப்பாடு செய்வோர் உண்டு.

ஐந்தாவது காரணத்தில் வயதுக்கும் சற்றுப் பங்குண்டு. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் உலகெங்கும் விற்ற பல தாய்ப்பலகைகளில் தரங்குறைந்த கொள்ளளவிகள், கடை மொழியில் கெப்பசிற்றர்கள், பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் தலை உப்பும், பின்னர் கசியும், கணினி காரணமின்றி நிற்கும். இத்தகைய கணினிகளைத் திருத்தவும் மாற்றவும் டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி டொலரை ஒதுக்க வேண்டி வந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகள் பல பின்னர் நன்கொடையாகக் கைமாறிப் பாடசாலைகளுக்கு வந்தன. அங்கும் கேடு செய்தது வயது மட்டுமன்று. அரும்பிலேயே இருந்த குறை.

ஆனால் நமது ஊரில் கணினியைக் கொல்லும் தலையாய காரணம் பெட்டிக்கு வெளியே, சுவரில் இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் மாவட்டம் இது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் இடி முழக்கம். மின்கம்பி நெடுந்தூரம் ஓடிவந்து முடியும் இடங்களில் 230 வோல்ட் என்பது பல வேளைகளில் காகிதக் கணக்கு. மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தோம், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்று காரணமெனப்பட்டது. எர்த் கம்பி சரியாக இல்லாத அறையில், யூ.பி.எஸ். இன்றி, இந்த மின்சாரத்தைக் குடித்து வாழும் கணினி எத்தனை ஆண்டு தாங்கும்?

இதையெல்லாம் பாராமல் நம்மவர் செய்யும் ஒரே வைத்தியம் ‘போர்மற்’. அழுக்கேறிய காற்றாடிக்கும் போர்மற். உப்பிய கொள்ளளவிக்கும் போர்மற். பிள்ளைகளின் வேலைகள் அழிந்துபோகும்; இரண்டு நாளில் கணினி மறுபடியும் நிற்கும்; பிறகு “பழசாகிவிட்டது” என்ற தீர்ப்பு உறுதி செய்யப்படும்.

அடுத்துக் கொடையாளிகளுக்கு ஒரு சொல். நாடா வெட்டுகிறீர்கள், படம் பிடிக்கிறீர்கள், பொன்னாடை போர்த்துகிறோம். மகிழ்ச்சி. ஆனால் பராமரிப்புக்கு ஒரு சதமும் ஒதுக்காத கொடை, தீனி போடாமல் கட்டிவிட்டுப் போகும் பசுவைப் போன்றது. அரசும் விலக்கல்ல. கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுசென்ற நெனசல திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதைப் பெற்றது, நல்ல திட்டம்தான். எனினும் இயந்திரம் தூசியை அறியும், இடியை அறியும், விருதை அறியாது.

இப்போது புதிய சாட்டு ஒன்றும் கிடைத்துவிட்டது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளையும் கேட்கிறது. விளைவு, நன்றாக ஓடும் கணினிகளுக்கும் கடையில் மரணச் சான்றிதழ் எழுதப்படுகிறது. அவற்றில் இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம். லிப்ரே ஒஃபிஸில் கட்டுரையும் கணக்கும் செய்யலாம். யூனிகோடில் தமிழ் எழுதலாம். 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை உருவாக்கியது; அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மாத்திரமே. அந்தக் குவியலில் நாமும் ஏன் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்?

“அப்படியானால் தோட்டப் பிள்ளைகளுக்குக் குப்பை போதும் என்கிறீரா?” என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இடி தாக்கிக் கருகிய தாய்ப்பலகையின் பின்னால் அலையச் சொல்லவில்லை. 512 மெகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள பெட்டியில் இன்றைய இணையப் பக்கத்தைத் திறக்க முயல்வதும் வீண். திருத்தும் செலவு அதேபோன்ற பாவித்த கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் கைவிடுங்கள். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் புதிய கணினி நமது பிள்ளைக்கும் கிடைக்கத்தான் வேண்டும். அதைக் கேட்டுப் போராடவும் வேண்டும். ஆனால் எர்த் இல்லாத அதே அறையில், அதே தூசியில், யாரும் திறந்து பார்க்கத் துணியாத அதே பழக்கத்தின் நடுவே வைத்தால், அந்தப் புதிய கணினியும் அதே சாவைத்தான் சாகும்.

ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒரு கொப்பி இருக்கட்டும். நின்ற திகதி, நேரம், திரையில் வந்த செய்தி, அப்போது இடி மழையா என்பதை மாணவர்களே எழுதட்டும். ஒரு மாதக் குறிப்பு, கடைக்காரரின் ஊகத்தைவிட அதிகம் சொல்லும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து தூசி துடைக்கவும் நினைவகத்தைக் கழற்றிப் பூட்டவும் பத்தாம் வகுப்பு மாணவிக்குக் கற்றுக்கொடுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்க விடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அடுத்த முறை கணினி கையளிக்கும் விழாவுக்கு உங்களை அழைத்தால் தவறாமல் போங்கள். மாலை விழுவதற்கு முன் எழுந்து, “இந்த அறையின் எர்த் கம்பி எங்கே?” என்று கேளுங்கள். யாரும் பதில் சொல்லாவிட்டால், அந்தக் கணினிகள் எப்போது ‘பழசாகும்’ என்பதை அன்றே ஏறத்தாழக் கணித்துவிடலாம்.