சூரிய வெந்நீர்க் கலனும் அரசின் கடமையும்

இயற்கை ஒரு நிலத்துக்கு வரையாது வழங்கும் வளம், அதைப் பயன்கொள்ளும் கருவியைச் செய்யும் திறன் அந்நிலத்தாரிடம் நிலைகொள்ளாதவரை, அவர்களுக்கு அரைகுறையாகவே வாய்த்ததாகும். சோலார் ஹீட்டர் என்று மக்கள் வழங்கும் சூரிய வெந்நீர்க் கலன் இதற்குச் சான்று. தமிழகத்து மொட்டைமாடிகளில் அது இடம்பிடித்திருப்பது மகிழத்தக்கதேயெனினும், அதன் உயிர்நிலையான வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களில் பெரும்பாலானவை சீனத்திலிருந்து வருகின்றன என்பதையும், இங்கு நடைபெறும் பணி பலவிடத்தும் தொட்டி செய்து குழாய் பொருத்துவதோடு முடிந்துவிடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

முன்னோடியைத் தேடிப் பெருநாடுகளை நாட வேண்டியதில்லை. மூன்று லட்சம் மக்கள்கூட இல்லாத கரிபியத் தீவான பார்படாஸ், எண்ணெய் விலையேற்றத்தின் அடியைத் தாங்கிய மறு ஆண்டிலேயே, 1974இல், இக்கலனுக்கான மூலப்பொருள்களின் இறக்குமதித் தீர்வையை நீக்கி, மின்சூடேற்றிகளின் மீது 30 விழுக்காடு வரி விதித்தது. கலன் வாங்கிய குடும்பத்தார் அச்செலவை வருமானக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் 1980இல் வழிசெய்யப்பட்டது. தொழில் அங்கேயே வேரூன்றியது. நிதி நெருக்கடியால் 1990களின் தொடக்கத்தில் அச்சலுகை நின்றபோது விற்பனை தளர்ந்ததும் நாம் கருதத்தக்கது; கொள்கையின் தாராளத்தினும் அதன் நிலைத்தன்மையே தொழிலைக் காக்கிறது.

நம் நாட்டிலோ, 2022க்குள் 2 கோடி சதுர மீட்டர் வெப்பத் தகடுகள் என்று 2010இல் இலக்கு வகுத்த மத்திய அரசு, 2014இல் மானியத்தை நிறுத்திக்கொண்டது. இன்று கூரைச் சூரிய மின் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை உதவி கிடைக்க, வெந்நீர்க் கலனுக்கு அத்தகைய ஆதரவு இல்லை. விழும் வெயிலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கையே மின்னாக்கும் தகட்டைக் கொண்டு நீரைச் சூடாக்குவதைவிட, பாதியளவு வெயிலையேனும் நேரே வெப்பமாக்கும் கலனே அதே கூரையிடத்தை நன்கு பயன்கொள்வது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

செம்புக் குழாயும், கருங்குரோமியப் பூச்சேறிய தகடும், வன்மையூட்டிய கண்ணாடியும் கொண்டு, வெற்றிடக் குழாய்க் கலனுக்கு மாற்றாக அமையும் தட்டைத் தகட்டு வகையைச் செய்வதற்கு, நீரேற்றிகளையும் நூற்பு எந்திரங்களையும் ஆக்கிய கோவைப் பட்டறைகளின் கைத்திறன் போதாததன்று. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் செம்புக் குழாய்களில் படிந்து அடைப்பதே இவ்வகையின் குறை. குழாயினுள் ஓடும் நீரையும் குளிக்கும் நீரையும் பிரித்து, வெப்பத்தை மட்டும் கைமாற்றும் அமைப்பினால் இது தீரும். ஆயினும் விலை சற்று உயரும். ஊர்த் தண்ணீரின் இயல்பறிந்து கலன் செய்வதும், பழுதானால் மறுநாளே வந்து பார்ப்பதும், தொலைவிலிருக்கும் ஆலை செய்யக்கூடியவை அல்ல.

பட்டறைக்கொன்றாய் நிறுவ இயலாத பூச்சு ஆலையைப் பொதுவசதியாக அரசு அமைக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்துக்குட்படாத கலன்களைச் சந்தையில் அனுமதித்தலாகாது. நீலகிரி முதல் கொடைக்கானல் வரையுள்ள அரசு மருத்துவமனைகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் வேண்டிய கலன்களை உள்ளூரிலேயே வாங்குவதாக ஐந்தாண்டுக் கொள்முதல் உறுதியும் அளித்தால், வங்கிகள் அப்பட்டறைகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கக் காரணமிராது. அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே எரிசக்தித் துறையும் சிறுதொழில் துறையும் இவற்றுக்கான வரைவை ஆயத்தம் செய்தல் வேண்டும்.