உச்சி மாடியின் விலை

"தறிக்கொட்டகையை விற்றுக் கோயமுத்தூரில் உச்சி மாடி வாங்கட்டுங்களா?" என்று சென்னிமலை இளைஞர் ஒருவர் கேட்டார். 2023-இல் மும்பை வொர்லியில், 63 முதல் 65-ஆம் மாடி வரையிலான வீடொன்று 240 கோடிக்குப் போனதாம். சதுர அடி சுமார் 80,000 ரூபாய்!

காற்றுக்கும் காட்சிக்குமா இந்த விலை? நம் மலையில் 1,320 படி ஏறினால் கொங்குச் சீமையே காலடியில் கிடக்கிறது. ஏறியவன் தறிக்காரனா, தனவந்தனா என்று முருகன் கேட்பதில்லை.

அங்கே விற்பது உயரமன்று. "என் தலைக்கு மேல் ஒருவனுமில்லை" என்ற நினைப்பு. பக்கத்து மனையில் இன்னும் உயரமாக ஒன்று எழும்பினால் அந்த நினைப்பு என்ன விலை பெறும்?

தம்பி, கட்டடம் தேயும், மண்தான் நிற்கும். மாடி வீட்டுக்கு மண்ணில் பிரிபடாத பங்குதான். கொட்டகையடி மண்ணோ முழுதும் உம்முடையது. அதை விற்று ஆணவத்துக்கு வாடகை கட்டாதீர்!