மஞ்சள் காமாலை வந்ததே இல்லையா? கல்லீரலில் வைரஸ் இருக்கலாம்!

'குடிப்பழக்கமே இல்லை... பிறகெப்படி கல்லீரல் புற்றுநோய்?' பல குடும்பங்கள் அதிர்ந்துபோய்க் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பல நேரங்களில் பதில், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ்.

ரத்தம், சுத்தமில்லாத ஊசி, பாதுகாப்பற்ற உறவு மூலம் பரவும் பி வைரஸ், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் தானாக நீங்கிவிடும். ஆனால், பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 சதவிகிதம் பேருக்கு உடலிலேயே தங்கிவிடும்.

பல ஆண்டுகளுக்கு அறிகுறியே இருக்காது. உள்ளே கல்லீரல் புண்ணாகி, ஆறி, தழும்பேறிக்கொண்டே இருக்கும். இதுதான் சிரோசிஸ். சிதைந்த செல்களுக்கு பதிலாகப் புதிய செல்கள் உருவாகும்போது மரபணுப் பிழைகள் சேர்ந்து புற்றுநோயாக மாறலாம். சி வைரஸ் பெரும்பாலும் இந்த வழியில்தான் புற்றுநோயை உண்டாக்குகிறது. பி வைரஸோ, நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே நுழைந்துகொள்வதால், சிரோசிஸ் இல்லாமலும் புற்றுநோய் வரலாம்.

இதைத் தடுக்க முடியும் என்று காட்டியது தைவான். அங்கே 1984-ல் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் லட்சத்துக்கு 0.70 என்றிருந்த கல்லீரல் புற்றுநோய், 1990-94-ல் 0.36 ஆகக் குறைந்தது.

என்ன செய்யலாம்?

* குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

* கர்ப்பிணிகள் ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

* தொற்று இருந்தால் பயம் வேண்டாம். பி வைரஸை மாத்திரைகளால் கட்டுப்படுத்தலாம். சி வைரஸைப் பெரும்பாலானோருக்கு 12 வாரங்களில் குணப்படுத்தலாம்.

* சிரோசிஸ் உள்ளவர்கள் 6 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

காமாலைக்குக் கீழாநெல்லி குடித்து, கண்ணில் மஞ்சள் மறைந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். மஞ்சள் போனாலும் வைரஸ் போகாமல் இருக்கலாம். அதைச் சொல்வது ரத்தப் பரிசோதனை மட்டுமே!