காலம் காப்பாற்றாது

‘இன்று யாரும் கண்டுகொள்ளாவிட்டால் என்ன, காலம் பதில் சொல்லும்.’ சிற்றிதழ்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இது. ‘எ பேண்ட் கால்டு டெத்’ என்ற ஆவணப்படத்தைப் பார்ப்பவர்களும் முதலில் இந்த ஆறுதலைத்தான் அடைவார்கள். மார்க் கோவினோவும் ஜெஃப் ஹவ்லெட்டும் இயக்கி 2012 இல் வெளிவந்த படம் அது. ஆனால் அது சொல்லும் கதையைச் சற்று நிதானித்து யோசித்தால், ஆறுதலைவிட எச்சரிக்கையே அதில் அதிகம்.

டேவிட், டானிஸ், பாபி ஹேக்னி ஆகியோர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினக் குடும்பமொன்றின் சகோதரர்கள். டேவிட் கிதார், டானிஸ் டிரம்ஸ், பாபி பேஸ் கிதாரும் பாட்டும். 1970களின் டெட்ராய்ட் மோட்டவுன் இசையின் ஊர். கறுப்பின இளைஞர்கள் என்றால் ஸோல், ஃபங்க் வாசிக்க வேண்டும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். இவர்களும் ஃபங்க்கில்தான் தொடங்கினார்கள். பிறகு தி ஹூ, ஆலிஸ் கூப்பர் போன்றோரின் இசையில் மனம் போய், வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசைக்கு மாறினார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் தந்தை விபத்தில் இறந்தார். மரணத்தை முடிவாகப் பார்க்க மறுத்த டேவிட், குழுவுக்கே ‘டெத்’ என்று பெயர் வைத்தார்.

1975 இல் டெட்ராய்ட்டின் யுனைட்டட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஏழு பாடல்கள் பதிவாயின. இசைத்தட்டுத் தொழிலின் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ் ஆதரவளிக்க முன்வந்து, பெயரை மட்டும் மாற்றச் சொன்னதாகச் சகோதரர்கள் கூறுகிறார்கள். டேவிட் மறுத்தார். தம்பிகள் இருவருக்கும் அந்த வாய்ப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்றே தோன்றியது. ஆனாலும் அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை. ஆதரவு நின்றுபோனது. 1976 இல் சொந்தச் செலவில் ஒரே ஒரு சிறு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அச்சிட்டது 500 பிரதிகள்.

இந்த எண்ணிக்கையின் அர்த்தம் நம் வாசகர்களுக்குத் தெரியும். 500 பிரதி அச்சடித்துத் தபாலில் அனுப்பிவிட்டு, மீதியைக் கட்டுக்கட்டாக வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கே ஒரு மரபு. வானொலிகள் அந்த இசைத்தட்டைப் பொருட்படுத்தவில்லை. குழு கலைந்தது. சகோதரர்கள் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனுக்குக் குடிபெயர்ந்து, வேறு பெயரில் பக்தி ராக் வாசித்தார்கள். டேவிட் டெட்ராய்ட்டுக்கே திரும்பினார். தம்பிகள் ரெகே இசைக்குப் போனார்கள். மூல ஒலிநாடாக்களைத் தம்பி பாபியிடம் ஒப்படைத்து, உலகம் ஒரு நாள் இவற்றைத் தேடி வரும், பத்திரமாக வைத்திரு என்று டேவிட் சொல்லியிருந்தார். 2000 இல் நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். உலகம் தேடி வந்தது 2009 இல். டிராக் சிட்டி நிறுவனம் அந்த ஏழு பாடல்களையும் முழு இசைத்தட்டாக வெளியிட்டது.

பங்க் இசைக்கு முன்பே பங்க் வாசித்தவர்கள் என்று இன்று இவர்களைக் கொண்டாடுகிறார்கள். காலக்கணக்கு சரிதான். பங்க் இசையைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் ரமோன்ஸ் குழுவின் முதல் முழு இசைத்தட்டு வந்தது 1976 ஏப்ரலில். டெத்தின் பதிவு அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. ஆனால் முந்தியவர் எல்லோரும் முன்னோடி ஆகிவிடுவதில்லை. கேட்டவர்களிடம்தானே ஒரு இசை வேர் பிடிக்கும்? கேட்கக் கிடைக்காத இசையிலிருந்து அடுத்த தலைமுறை எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. தாமதமாக வந்த புகழ் டேவிட்டுக்கு மட்டும் நேர்ந்த அநியாயம் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. முப்பதாண்டுக் கால ராக் இசையும், ‘ராக் நமக்கானதில்லை’ என்று நம்பி வளர்ந்த எத்தனையோ கறுப்பினச் சிறுவர்களும் அதனால் இழந்தது உண்டு.

அந்த இசையை மீட்டது காலமும் இல்லை. சில மனிதர்கள் மீட்டார்கள். ஒருவர் நாடாக்களைப் பரணில் பாதுகாத்தார். சில சேகரிப்பாளர்கள் அந்த 500 இல் ஒன்றைத் தேடிப் பிடித்து நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கினார்கள். யாரோ அதை இணையத்தில் ஏற்றினார்கள். பாபியின் மகன் கலிஃபோர்னியாவில் ஒரு விருந்தில் அந்த இசைத்தட்டின் பாடலைக் கேட்டு, அது தன் தந்தையின் குரல் என்று அடையாளம் கண்டான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் ஆவணப்படம் எடுக்க எதுவுமே மிஞ்சியிருக்காது. அப்படி எதுவும் மிஞ்சாமல் போன குழுக்களைப் பற்றி யாராலும் படம் எடுக்க முடியாது.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் ஆயுளைச் செலவிட்டு நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, 1994 இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுபவர்கள் இன்று அந்தக் கதவைத் தட்டாமல் எழுத முடியாது. இலக்கியத் தரத்தை மட்டும் நம்பி அவர் சும்மா இருந்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி கரையானுக்குப் போயிருக்கும்.

படைப்பவர் சமரசம் செய்யாமல் இருப்பது பாதி வேலைதான். டேவிட் அதைச் செய்தார். மறுபாதி, உடனிருப்பவர்கள் காப்பது. அதனால் நம் சக இதழாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு இதழிலும் மாதம், ஆண்டு, அச்சகம் மூன்றையும் தவறாமல் அச்சிடுங்கள், முதல் பிரதியை ஒரு நூலகத்துக்கு அனுப்புங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: வீடு மாறும்போதோ பெரியவர்கள் மறைந்தபின்போ பழைய இதழ்கள், ஒலிநாடாக்கள், கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள். ஒரு நூலகத்துக்கோ எங்களுக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.