ஊசி போட்டா அவ்ளோதானா?

"சுகருக்கு ஊசியா? அப்ப கடைசி ஸ்டேஜ்தான்!" பந்தியில் உட்கார்ந்தால்கூட இந்தத் தீர்ப்பு இலவசம்.

ஐயா, இன்சுலின் என்ன போதை மருந்தா, பழகிப்போக? நம் கணையம் தினமும் சுரப்பதுதானே! டைப் 2 வந்த பலருக்கு வருஷம் போகப்போக சுரப்பு குறையும். மாத்திரை போதாதபோது வெளியிலிருந்து கொடுக்கிறார்கள். விழுங்கினால் வயிறு செரித்துவிடும், அதனால் ஊசி.

ஊசிக்குப் பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு, சர்க்கரை ஏறிக் கண்ணும் கிட்னியும் கெட்டபின் வருபவரைக் காட்டி "பாத்தியா, ஊசியாலதான்" என்பது எந்த ஊர் நியாயம்?

டைப் 1 பிள்ளைகளிடமும் "ஊசியை நிறுத்து, கஷாயம் குடி" என்கிறார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு ஊசி போடும்வரை அந்த நோய்க்கு மரணம்தான் முடிவு. இன்றும் நிறுத்தினால் சில நாளில் ரத்தம் அமிலமாகி உயிர் போகலாம். கஷாயம் கொடுத்தவரா வந்து பதில் சொல்வார்?