திறந்து கிடக்கும் வாயில்கள்

இரவில் தெருக்கதவைத் தாழிட்டோமா என்று இருமுறை எழுந்து பார்க்கும் நம்மவருள், வீட்டுக் கணினியின் வாயில்களுள் எவை திறந்துள்ளன என்று ஒருமுறையேனும் பார்த்தவர் எத்துணைப் பேர்? அது பொறியியல் கற்றார்க்கே உரிய வேலையென ஒதுக்கிவிடுகின்றனர். யாம் அதனை உடன்படோம்.

கணினி பிற கணினிகளோடு உரையாடுதற்கென எண்ணிட்டு அமைத்த வாயில்களே போர்ட்டுகள். எண்கள் 65,535 வரை செல்லும். யாதேனும் ஒரு மென்பொருள் ஓர் எண்ணில் செவிசாய்த்து அமர்ந்திருப்பின் அதனையே திறந்த போர்ட் என்கிறோம். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் கணினி விட்டுக் கணினி தாவியது, விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் 445ஆம் எண் வழியாகவே. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தும், இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல அல்லலுற்றன.

விண்டோஸில் நெட்ஸ்டாட் என்னும் கட்டளையும், லினக்ஸில் எஸ்எஸ் என்னும் கட்டளையும் திறந்த எண்களின் பட்டியலைத் தரும். அதன் நீளங் கண்டு அஞ்சவேண்டா. எண்ணுக்கு முன் நிற்கும் முகவரியை நோக்குக. 127.0.0.1 என்றிருப்பின் அது உள்ளறைக் கதவு. அக்கணினியன்றிப் பிறர் அணுகார். 0.0.0.0 என்றிருப்பின், எத்தொடர்பின் வழி வருவோரையும் எதிர்நோக்கி நிற்கின்றது; ஃபயர்வால் தடுத்தாலன்றி எவரும் தட்டலாம்.

இம்மட்டோடு நின்றுவிடுவதே பெரும்பிழை என்பது எமது கருத்து. வீட்டின் ரௌட்டர் பொதுவாகப் புறத்தாரைத் தடுக்குமாயினும், அதில் யூபிஎன்பி என்னும் வசதி இயங்கின், விளையாட்டு நிரலோ கேமராவோ உடையவனைக் கேளாமலே வழி திறந்துகொள்ளும். உள்ளிருந்து எடுத்த பட்டியலில் இது தோன்றாது. ஆதலின் கைபேசி இணைப்பின் வழியே, 1997இல் கார்டன் லியோன் வெளியிட்ட என்மேப் முதலிய கருவி கொண்டு, வீட்டின் புறமுகவரியையும் சோதித்தல் வேண்டும். ஆயின் இணைய நிறுவனத்தார் ஒரே முகவரியைப் பல இல்லங்களுக்குப் பகிர்ந்தளிப்பதுண்டு. அவ்வாறாயின் நாம் தட்டுவது அவர்தம் வாயிலையே. ரௌட்டர் காட்டும் முகவரியும் வெளியே தோன்றும் முகவரியும் ஒன்றேயா என முதற்கண் ஒப்பிடுக. விடுதி மாணவ நண்பர்கள் இதனைக் கல்லூரி வலையிற் பழகிப் பார்க்கவேண்டா!

எமது இல்லத்துக் கேமராவுக்கென ஒரு வழி திறந்து கிடந்ததை யாம் அறிந்தது இங்ஙனம் வெளியிலிருந்து சோதித்த பின்னரே. அன்றே அடைத்தோம். கேமரா முன்போலவே படங் காட்டுகின்றது.